எழுதாமல் மீட்பது எப்படி? பல டிஸ்க் சேமிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: இரண்டு, மூன்று, நான்கு டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தியவர்கள், ஒருநாள் காலையில் அது திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஒரே யுஎஸ்பி பெட்டிக்குள் நான்கு டிஸ்க். பிடிஆர்எஃப்எஸ் (லினக்ஸின் ஒரு ஃபைல் சிஸ்டம்), டேட்டா, மெட்டாடேட்டா (கோப்புகளைப் பற்றிய குறிப்புகள்) இரண்டும் ரெய்டு 1 (எல்லாவற்றுக்கும் வேறு டிஸ்க்கில் இன்னொரு பிரதி). கரண்ட் போய் வந்த பிறகு மவுண்ட் ஆகவில்லை. கெர்னல் லாகில் "பேரன்ட் டிரான்ஸ்ஐடி வெரிஃபை ஃபெயில்டு, வான்டட் 48213, ஃபவுண்ட் 48190" என்று வருகிறது. செக் கட்டளையை ரிப்பேர் ஆப்ஷனோடு ஓட்டிவிடு, சரியாகிவிடும் என்கிறார் நண்பர். ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். மற்ற எல்லா வழியும் தீர்ந்து, நான்கு டிஸ்க்குக்கும் நகல் கையில் இருக்கும் நாள் வந்தால் அப்போது பார்க்கலாம். நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்த ரிப்பேர் என்பது டிஸ்க்கில் எழுதும் வேலை. முதலில் நடந்த கோளாறு பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். அதன் மேல் நாம் பதற்றத்தில் எழுதுகிற எழுத்துதான் மீட்க முடிந்ததையும் மீட்க முடியாததாக்குகிறது.

அந்தச் செய்தி பார்க்கப் பயமாக இருந்தாலும் சொல்வது எளிய விஷயம். பிடிஆர்எஃப்எஸ்ஸில் மெட்டாடேட்டா, வேரிலிருந்து கிளைக்கும் மரமாக இருக்கும், அதை இருந்த இடத்திலேயே மாற்றி எழுதாது. மாற்றம் வந்தால் வேறு இடத்தில் புதிதாக எழுதி, எல்லாம் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சூப்பர்பிளாக்கை, அதாவது வேர் எங்கே என்று சொல்லும் முகப்புக் குறிப்பை, புது மரத்தின் வேர்ப்பக்கம் திருப்பும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரிசை எண் உண்டு, அதுதான் டிரான்ஸ்ஐடி. உங்கள் விஷயத்தில் மேலே இருக்கும் பிளாக் "எனக்குக் கீழே இருப்பது 48213-ஆம் சுற்றில் எழுதியது" என்கிறது, அங்கே போய்ப் பார்த்தால் 48190-இல் எழுதிய பழைய சமாச்சாரம் கிடக்கிறது. புதியது வந்து சேரவே இல்லை. கரண்ட் போனதால் மட்டும் இப்படி ஆகக் கூடாது, ஏனென்றால் கெர்னல் வேரை மாற்றுவதற்கு முன் "இதுவரை கொடுத்ததை எல்லாம் எழுதிவிட்டாயா" என்று ஃப்ளஷ் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும். டிஸ்க்கோ பெட்டியோ தன் கேஷில் வைத்துக்கொண்டே "எழுதிவிட்டேன்" என்று பொய் சொல்லியிருக்க வேண்டும். ரெய்டு 1 இருந்தும் ஏன் இரண்டாவது பிரதி காப்பாற்றவில்லை என்றால், பிரதிகள் இரண்டு டிஸ்க்கில் இருந்தாலும் வழி ஒரே பெட்டி, ஒரே கன்ட்ரோலர். பொய் சொன்னது அதுதான் என்றால் இரண்டு பிரதியும் சேர்ந்தே போயிருக்கும்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். முதலில் எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த வரியைக் கமென்ட் செய்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறை மெஷின் ஏறும்போதும் அது மவுண்ட் ஆகப் பார்க்கும். டிஸ்க்குகளைப் பெட்டியிலிருந்து கழற்றி முடிந்தால் நேராக சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள். ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) பாருங்கள்: 5, 197, 198 ஆகிய மூன்று எண்களுக்கு எதிரே பூஜ்யத்தைத் தவிர வேறு ஏதாவது வளர்ந்துகொண்டே இருந்தால் டிஸ்க் உடல்ரீதியாகத் தேய்கிறது என்று அர்த்தம், 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்.

அப்புறம் நகல். இதற்கு க்னு டிடிரெஸ்க்யூவைத்தான் சொல்வேன், சாதாரண டிடி அல்ல. டிடிரெஸ்க்யூ ஒரு மேப்ஃபைல் வைத்துக்கொள்ளும், எந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்று அதில் குறித்துக்கொண்டே போகும், நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம். முதல் சுற்றில் சுலபமாக வருவதை எல்லாம் அள்ளிக்கொள்ளச் சொல்லுங்கள், முரண்டு பிடிக்கும் செக்டர்களை இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள். நோயாளி டிஸ்க் எந்த நிமிடமும் நிற்கலாம் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

இங்கே பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நகலிலும் மூலத்திலும் யுயுஐடி, அதாவது ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண், ஒன்றேதான். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மெஷினில் தெரிந்தால், எந்த டிஸ்க் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கெர்னல் குழம்பி, பாதி மூலம் பாதி நகல் என்று கலந்து எடுத்துக்கொள்ளும். நகல் எடுத்து முடிந்ததும் மூலத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். நேராக இன்னொரு டிஸ்க்குக்கு எடுக்காமல் இமேஜ் ஃபைலாக எடுத்தால் இந்தத் தொல்லை குறைவு, லூப் டிவைஸாக (ஃபைலை டிஸ்க் போலக் காட்டும் வசதி) மாட்டும்வரை கெர்னலுக்கு அது வெறும் ஃபைல்தான்.

இனி நகலில் முயற்சி. முதலில் ரீட்-ஒன்லி மவுண்ட், கூடவே "ரெஸ்க்யூ=ஆல்" ஆப்ஷன். கெர்னல் 5.11 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும், பழைய லைவ் யுஎஸ்பியைத் தேடி எடுத்து மல்லுக்கட்ட வேண்டாம். இந்த ஆப்ஷன் லாகை (கெர்னல் செய்திகள் அல்ல, மரத்தில் இன்னும் சேராத கடைசி எழுத்துகளின் குறிப்பு) ஓட்டிப் பார்க்காது, கெட்டுப்போன மரங்களைக் கண்டால் நின்றுவிடாமல் தாண்டிப் போகும். சூப்பர்பிளாக்கில் இருக்கும் நான்கு பழைய வேர்களையும் முயன்று பார்க்க வேண்டும் என்றால் "யூஸ்பேக்கப்ரூட்" ஆப்ஷனைத் தனியாகச் சேர்க்க வேண்டும். எக்ஸ்டென்ட் மரமோ (எந்த இடம் பயன்பாட்டில் இருக்கிறது என்ற கணக்கு) செக்சம் மரமோதான் (டேட்டா கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்கள்) உடைந்தது என்றால் உங்கள் கோப்புகள் அப்படியே கண்ணுக்குத் தெரியும், நகலெடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போகலாம்.

அதுவும் ஏறவில்லை என்றால் "பிடிஆர்எஃப்எஸ் ரெஸ்டோர்". இது மவுண்ட் செய்யாமலே மரத்தை நடந்து பார்த்து, கோப்புகளை வேறொரு இடத்துக்கு எடுத்துக் கொடுக்கும், மூல டிஸ்க்கில் எதையும் எழுதாது. ட்ரை-ரன் வசதி இருக்கிறது, முதலில் பெயர்ப் பட்டியலை மட்டும் காட்டச் சொல்லிப் பாருங்கள். பட்டியல் வெறுமையாக வந்தால் "ஃபைண்ட்-ரூட்" கட்டளையை ஓட்டி, டிஸ்க்கில் கிடக்கும் பழைய வேர்களின் முகவரிகளை வாங்கி, ஒவ்வொன்றாக ரெஸ்டோருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், புதியதிலிருந்து பழையதை நோக்கி. பொறுமை சோதிக்கும் வேலைதான், ஆனால் ஒரு வேரில் பாதி ஃபோல்டரும் இன்னொரு வேரில் மீதியும் கிடைப்பது உண்டு. ஸ்னாப்ஷாட்டுகளை அது தானாக எடுக்காது, தனியாகக் கேட்க வேண்டும். கோப்பின் உரிமையாளர், நேரம் இரண்டுக்கும் ஓர் ஆப்ஷன் உண்டு, மறந்துவிட்டால் எல்லாம் ரூட் பெயரில் இன்றைய தேதியில் வந்து நிற்கும். சிம்லிங்க்குக்கு (இன்னொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) வேறொரு ஆப்ஷன்.

லாகை அழிக்கும் "ஜீரோ-லாக்" கட்டளையைச் சிலர் சர்வரோக நிவாரணி மாதிரி சொல்வார்கள். லாக் ரீப்ளே நடக்கும்போது மவுண்ட் விழுந்தால் மட்டும்தான் அதற்கு வேலை, உங்கள் பிழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. "சங்க்-ரெக்கவர்" என்று ஒன்று இருக்கிறது, எந்த டேட்டா எந்த டிஸ்க்கில் எங்கே என்று சொல்லும் சங்க் மரமே உடைந்தால்தான் தேவை. டிஸ்க் முழுவதையும் ஆதியோடந்தமாகப் படிக்கும், பெரிய டிஸ்க்கில் நாள் கணக்காக ஓடும், கடைசியில் எழுதும். ஆகவே நகலில் மட்டும்.

கேள்வி: நகல் எடுக்க அவ்வளவு காலி இடம் என்னிடம் இல்லை. நகல் இல்லாமல் முயலவே கூடாதா?

டிஸ்க்குகள் உடல்நலத்தோடு இருந்து, கெட்டது ஃபைல் சிஸ்டம் மட்டும்தான் என்றால் ஓவர்லே வழி இருக்கிறது. டிவைஸ் மேப்பரின் ஸ்னாப்ஷாட் வசதியைப் பயன்படுத்தி, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மேலே ஒரு மெல்லிய அடுக்கு போட்டுக்கொள்ளலாம். படிப்பது டிஸ்க்கிலிருந்து, எழுதுவது எல்லாம் தனியாக வைத்த ஒரு சின்ன ஃபைலுக்கு. சொதப்பிவிட்டால் அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். மூல டிஸ்க்கை பிளாக்டெவ் கட்டளையால் ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டால் இன்னும் நல்லது. மேலே சொன்ன யுயுஐடி கண்ணி இங்கேயும் உண்டு, ஏனென்றால் மூலமும் அடுக்கும் ஒரே யுயுஐடியோடு சேர்ந்தே தெரியும். பிடிஆர்எஃப்எஸ் என்றால் மவுண்ட் செய்யும்போது அடுக்குகளின் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டுக் கொடுங்கள். அதற்கு முன் கெர்னல் பழைய பெயர்களை நினைவில் வைத்திருந்தால் டிவைஸ் ஸ்கேனில் இருக்கும் ஃபர்கெட் ஆப்ஷனால் மறக்கச் செய்யுங்கள்.

ஆனால் டிஸ்க்கில் செக்டர்கள் செத்துக்கொண்டிருந்தால் ஓவர்லே உதவாது, திரும்பத் திரும்பப் படிப்பதே அதற்கு விஷம். அப்போது ஒரு டிஸ்க்கை எப்படியாவது வாங்கத்தான் வேண்டும்.

கேள்வி: எம்டிஏடிஎம் (லினக்ஸின் ரெய்டு கருவி) ரெய்டு 5, நான்கு டிஸ்க். நேற்று ஒன்று விழுந்தது. பார்த்தால் இன்னொன்று பல மாதங்களுக்கு முன்பே விழுந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. க்ரியேட் கட்டளையை "அஸ்யூம்-க்ளீன்" போட்டு ஓட்டினால் திரும்ப வந்துவிடும் என்று படித்தேன்.

சில சமயம் வரும். எல்லா அளவும் மயிரிழை பிசகாமல் பொருந்தினால். அதனால்தான் அந்த யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, வந்தவர்கள் எழுதுகிறார்கள், வராதவர்கள் எழுதுவதில்லை.

முதலில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எக்ஸாமின் ஓட்டி, வரும் முழு விவரத்தையும் வேறு இடத்தில் சேமித்துவையுங்கள். இதை எவ்வளவு வற்புறுத்தினாலும் போதாது, ஏனென்றால் க்ரியேட் ஓட்டிய அடுத்த நொடி பழைய சூப்பர்பிளாக் போய்விடும், அதில்தான் டிஸ்க்கின் வரிசை, சங்க் அளவு (இங்கே சங்க் என்பது ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து எழுதும் துண்டு), டேட்டா ஆஃப்செட் (டேட்டா தொடங்கும் இடம்) எல்லாம் எழுதியிருந்தது. அந்த விவரத்தில் "ஈவென்ட்ஸ்" என்ற எண்ணையும் கடைசியாகப் புதுப்பித்த நேரத்தையும் பாருங்கள். நல்ல இரண்டும் ஒரே எண்ணில் இருக்கும், நேற்று விழுந்தது கொஞ்சம் பின்தங்கியிருக்கும், பல மாதங்களுக்கு முன் விழுந்தது எங்கேயோ இருக்கும். உங்களுக்கு வேண்டியது நல்ல இரண்டும் நேற்றையதும், அந்த மூன்றும்தான். அவற்றை மட்டும் கொடுத்து அசெம்பிள், கூட ஃபோர்ஸ், ரீட்-ஒன்லி. பழையதைக் கழற்றித் தனியே வையுங்கள். அதைச் சேர்த்தால் பேரிட்டிக் கணக்கில் (விடுபட்ட டிஸ்க்கின் டேட்டாவைக் கணக்கிட வைத்திருக்கும் கூடுதல் எண்கள்) பழைய எண்ணும் புது எண்ணும் கலந்து குப்பைதான் வரும், அதைவிட மோசமாக, அதை "ஆட்" செய்தால் அந்தக் கணமே ரீபில்ட் தொடங்கி அதன் மேல் எழுத ஆரம்பித்துவிடும். அந்தப் பழைய டிஸ்க் பயனில்லாததல்ல, பல மாதங்களாக மாறாத கோப்புகளின் துண்டுகள் அதில் சரியாகவே இருக்கும், மீட்பு நிபுணருக்குத் தேவைப்படலாம்.

நேற்றைய டிஸ்க் ஏன் விழுந்தது என்றும் பாருங்கள். பல நேரம் அது சாகவே இல்லை. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரைக் கண்டால் விடாப்பிடியாக நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டிருக்கும், லினக்ஸோ 30 நொடி பார்த்துவிட்டு டிஸ்க்கை ரீசெட் செய்யும், அது பதில் சொல்லாததால் ரெய்டு அதை வெளியே தள்ளிவிடும். ரெய்டுக்கென்று விற்கும் டிஸ்க்குகள் வழக்கமாக 7 நொடியில் கைவிட்டு "படிக்க முடியவில்லை" என்று சொல்லிவிடும். டைம்அவுட்டை 180 நொடிக்கு ஏற்றி வைத்தாலே இந்தச் சண்டை தீரும். எப்படியும் அசெம்பிள் செய்வதற்கு முன் அந்த டிஸ்க்கை டிடிரெஸ்க்யூவால் நல்ல டிஸ்க்குக்கு மாற்றி, நகலைத்தான் வரிசையில் சேர்க்க வேண்டும். கெட்ட டிஸ்க்கை வைத்துக்கொண்டே ரீபில்ட் தொடங்கினால் பாதியில் மறுபடி விழும்.

இதில் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். டிடிரெஸ்க்யூ படிக்க முடியாத இடத்தைப் புது டிஸ்க்கில் காலியாக விட்டுவிடும். பிடிஆர்எஃப்எஸ், அதைப் போன்ற இன்னொரு ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ் இரண்டிலும் செக்சம் இருப்பதால் அந்த ஓட்டை உடனே தெரியும், இன்னொரு பிரதி இருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எம்டிஏடிஎம் அமைக்கும் ரெய்டில் செக்சம் கிடையாது, பூஜ்யத்தையும் டேட்டா என்றே எடுத்துக்கொள்ளும், எந்தக் கோப்பு கெட்டது என்று அதற்குத் தெரியாது. அதனால் டிடிரெஸ்க்யூவின் ஃபில் வசதியால் அந்த ஓட்டைகளில் அடையாளமாக ஒரு சொற்றொடரை நிரப்பிவிட்டு, மீட்டபின் கோப்புகளுக்குள் அதைத் தேடுவது பழைய தந்திரம், நன்றாக வேலை செய்யும். ஓட்டை விழுந்தது பேரிட்டிப் பகுதியிலோ, விடுபட்ட டிஸ்க்கைக் கணக்கிட்டு எடுக்கும் வரிசையிலோ என்றால் மட்டும் சொற்றொடர் உருத்தெரியாமல் போய்விடும்.

க்ரியேட்டைத் தவிர வழியே இல்லை என்ற நிலை வந்தால், அதாவது சூப்பர்பிளாக்கே இல்லை என்றால், ஓவர்லே மேல் மட்டும். சங்க் அளவின் இயல்பு மதிப்பு ஒரு காலத்தில் 64 கேபி, பிறகு 512 கேபி. டேட்டா ஆஃப்செட்டும் எம்டிஏடிஎம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. மூன்று டிஸ்க்கும் ஒரு "மிஸ்ஸிங்"கும் நான்கு இடங்களில் உட்கார 24 விதம். ஒவ்வொன்றையும் அமைத்து, எழுதாத முறையில் எஃப்எஸ்செக் ஓட்டிப் பார்த்து, பிழை மிகக் குறைவாக வருவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் சில ஃபோல்டர்கள் தெரிகின்றன என்பதை வைத்து வரிசை சரி என்று நம்பிவிடாதீர்கள், சில எம்பிக்கு மேல் இருக்கும் ஒரு படத்தையோ வீடியோவையோ திறந்து பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: மூன்று டிஸ்க் பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஒன்று முழுதாகச் செத்துவிட்டது. டீகிரேடட் போட்டு மவுண்ட் செய்தால் எல்லாக் கோப்பின் பெயரும் தெரிகிறது, ஆனால் சிலதைத் திறந்தால் இன்புட்-அவுட்புட் எரர்.

உங்கள் மெட்டாடேட்டா ரெய்டு 1, டேட்டா சிங்கிள் என்று இருக்கும், இன்றைய இயல்பான அமைப்பு அதுதான். பெயர்களுக்கு இரண்டு பிரதி, உள்ளடக்கத்துக்கு ஒன்றே ஒன்று. டேட்டா பொதுவாக 1 ஜிபி சங்க்குகளாக, எந்த டிஸ்க்கில் காலியிடம் அதிகமோ அங்கே ஒதுக்கப்படும். ஆகவே சின்ன கோப்புகளில் பெரும்பகுதி ஒன்று முழுதாக இருக்கும் அல்லது முழுதாகப் போயிருக்கும், பெரிய வீடியோக்கள்தான் நடுநடுவே துண்டாகியிருக்கும். ரீட்-ஒன்லியில் வைத்தே வருவதை எல்லாம் எடுத்துவிடுங்கள், ரெய்டு 1-இல் எப்போதும் இரண்டு பிரதிதான், டிஸ்க் எத்தனை என்பது பொருட்டல்ல என்பதையும் அடுத்த முறை அமைக்கும்போது நினைவில் வையுங்கள்.

கேள்வி: இசட்எஃப்எஸ் பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்த தொகுப்பு) இம்போர்ட் ஆகவில்லை. "பூலை அழித்துவிட்டு பேக்கப்பிலிருந்து மறுபடி உருவாக்கு" என்று அதுவே சொல்கிறது. அவ்வளவுதானா?

இல்லை. அந்தச் செய்தியை எழுதியவர் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம்.

முதலில் டிஸ்க்குகளின் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், பை-ஐடி அடைவைச் சுட்டி இம்போர்ட் செய்தாலே பலருக்கு வந்துவிடுகிறது. வரவில்லை என்றால் ரீட்-ஒன்லி இம்போர்ட். அதுவும் இல்லை என்றால் பெரிய எஃப் ஆப்ஷன், கூடவே சின்ன என், அதாவது "பின்னோக்கிப் போனால் கிடைக்குமா என்று சொல் மட்டும், செய்யாதே". ஒவ்வொரு டிஸ்க்கிலும் 256 கேபி அளவில் நான்கு லேபிள்கள் இருக்கும், இரண்டு தொடக்கத்தில், இரண்டு கடைசியில். ஒவ்வொன்றிலும் பாதி இடம் பழைய வேர்களை வரிசையாக வைத்திருக்கும் யூபர்பிளாக் வளையத்துக்கு. 4 கேபி செக்டர் அமைப்பில் 32 இடம். லேசாக எழுதிக்கொண்டிருக்கும் பூல் சுமார் 5 நொடிக்கு ஒன்று எழுதும் என்று வைத்தால் பின்னால் போக இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கையில் இருக்கிறது. பூல் எழுத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் அந்தப் பழைய இடங்களில் வேறு ஏதாவது ஏறியிருக்கும். ஆகவே உடைந்த பூலை ஏற்றி ஏற்றி இறக்காதீர்கள். இன்னும் பின்னோக்கித் தேடும் பெரிய எக்ஸ் ஆப்ஷனை நகலில் மட்டும் தொடுங்கள், நேரமும் நிறைய எடுக்கும்.

கேள்வி: எதற்கு இத்தனை பாடு? ஃபோட்டோரெக் ஓட்டினால் போதாதா?

ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்காமல் கோப்புகளின் அடையாளத்தை மட்டும் தேடி அள்ளும் கருவி அது. கடைசியாக ஓட்டலாம். தனித்தனி டிஸ்க்கில் ஓட்டினால் பயன் குறைவு, ஏனென்றால் டேட்டா பட்டை பட்டையாகப் பிரிந்திருக்கும் அமைப்பில் ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து இருப்பது ஒரு பட்டை அளவுதான், பிடிஆர்எஃப்எஸ்ஸில் அது 64 கேபி. அதற்கு மேலான படம் எல்லாம் பாதியில் சாம்பல் நிறமாகும். ரெய்டைச் சேர்த்துவைத்து அதன் மேல் ஓட்ட வேண்டும். அப்போதும் கோப்பின் பெயர், ஃபோல்டர் எதுவும் வராது, துண்டு துண்டாக எழுதப்பட்ட கோப்புகள் சேராது. எஸ்எஸ்டியில் ட்ரிம் (அழித்த இடம் காலி என்று டிஸ்க்குக்குச் சொல்லும் வேலை) ஓடியிருந்தால் அழிந்த இடத்தைத் தேடுவதே பெரும்பாலும் வீண்.

கேள்வி: ரெஸ்டோரில் எல்லாக் கோப்பும் வந்துவிட்டது. பழைய டிஸ்க்குகளை ஃபார்மட் செய்துவிடலாமா?

பொறுங்கள். ரெஸ்டோர் செக்சத்தைச் சரிபார்த்துத்தான் கொடுத்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், "ரெஸ்க்யூ=ஆல்" மவுண்டும் டேட்டா செக்சத்தைக் கண்டுகொள்ளாது. அளவு சரியாக இருக்கும், உள்ளே குப்பையாக இருக்கும். ஜிப் கோப்புகளுக்கும் ஃப்ளாக் இசைக்கும் சோதிக்கும் வசதி அவற்றிலேயே இருக்கிறது, வீடியோவை எஃப்எஃப்எம்பெக் மூலம் முழுதாக ஓட்டிப் பார்த்து பிழையை மட்டும் காட்டச் சொல்லலாம், டேட்டாபேஸ் என்றால் அதன் சொந்தச் சோதனை. கிட் ரெப்போ இருந்தால் எஃப்எஸ்செக் ஒன்று போதும். மெமரியையும் ஓர் இரவு மெம்டெஸ்ட்டில் போட்டுப் பாருங்கள், கெட்ட ரேம் ஒரு பிட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு டிஸ்க்கின் மேல் பழி விழுவது அரிதல்ல.

கேள்வி: ஒரு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது. இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம், கரண்டைப் பிடுங்குங்கள். அது தலை தட்டுப்பரப்பைத் தேடித் திணறும் சத்தமாக இருக்கலாம், ஒவ்வொரு சுற்றும் தட்டைச் சுரண்டக்கூடும். ஃப்ரிட்ஜில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம். டேட்டா அவ்வளவு முக்கியம் என்றால் சுத்த அறை இருக்கும் லேபுக்குத்தான் போக வேண்டும். அங்கே கொடுக்கும்போது கெட்டதை மட்டும் கொடுக்காமல், எல்லா டிஸ்க்குகளையும், எப்போதோ விழுந்ததையும் சேர்த்து, எது எந்த இடத்தில் இருந்தது, எது முதலில் விழுந்தது, நீங்கள் என்னென்ன கட்டளை ஓட்டினீர்கள் என்று ஒரு தாளில் ஒளிக்காமல் எழுதிக் கொடுங்கள். ரிப்பேர் ஓட்டியிருந்தால் அதையும்.